மறக்காத லிப்ட்

மனிதகுலத்தின் மறதி வருகிற வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக ஒழிந்துவிடும் என்று காந்தம் அறிவித்தான். அறிவித்த இடம் குளியலறை வாசல். கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. அவள் வாய் நிறையப் பற்பசை இருந்ததால் மறுப்பு எதுவும் பதிவாகவில்லை.

“கரண்ட் போனா கம்ப்யூட்டர் மறக்குது. லிப்ட் எந்த மாடில நிக்கிறோம்னு மறக்குது. வாஷிங் மெஷின் துணிய ஊற வச்சோமா, அலசினோமான்னு முழிக்குது. இதெல்லாம் வியாழக்கிழமை வரைக்கும்தான். அதுக்கப்புறம் உலகத்துல எதுவும் எதையும் மறக்காது.”

அவள் துப்பிவிட்டு வந்தாள். “அடுப்ப அணைச்சீங்களா?”

அவன் அணைக்கவில்லை. பால் பொங்கி, வழிந்து, தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டிருந்தது.

காந்தம் என்பது அலுவலகத்தில் அவனுக்கு விழுந்த பெயர். அவன் கால்சட்டைப் பையில் பிஸ்கட் அளவுக்கு ஒரு காந்தம் எப்போதும் இருக்கும். சாதாரணக் காந்தம் அல்ல. அவன் கடந்து போனால் மேஜை மேலிருக்கும் குண்டூசிகள் எழுந்து மரியாதை செய்யும். அவன் வேலை பார்த்த கம்பெனி காந்த நினைவகச் சிப்பு தயாரித்தது. சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் கோடிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஒரு திசையைப் பார்த்தால் ஒன்று, எதிர்த் திசையைப் பார்த்தால் பூஜ்யம். கரண்ட் போனாலும் பார்த்த திசையைப் பார்த்தபடியே இருக்கும். அதுதான் அதன் பெருமை. வாங்க வருகிறவர்களுக்கு அந்தப் பெருமையை எடுத்துச் சொல்வது காந்தத்தின் வேலை. சிப்பின் மேல் தன் பிஸ்கட்டை ஒட்டுவான், கரண்டை நிறுத்துவான், திரும்பப் போடுவான். சிப்பு எழுதியதை எழுதியபடியே ஒப்பிக்கும். பார்த்தவர்கள் கை தட்டுவார்கள்.

கம்பெனி இருந்தது ஐந்தாவது மாடியில். நான்காவது மாடியில் இன்னொரு கம்பெனி. அதுவும் காந்த நினைவகச் சிப்புதான். முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தவை. சிப்பைச் சூட்டில் வைத்து ஞாபகம் தங்குகிறதா என்று பார்க்கும் அடுப்பு ஒன்று உண்டு. அதில் யாரோ மதியச் சாப்பாட்டைச் சூடுபண்ணி, ஒரு மாத உழைப்பைக் குழம்பு வாசனையாக்கிவிட்டார்கள். யார் என்று கேட்டதில் தொடங்கிய சண்டையில் கம்பெனி இரண்டாகப் பிளந்தது. கீழே போனவர்கள் மேலே இருப்பவர்களைச் சொன்னார்கள், மேலே இருப்பவர்கள் கீழே போனவர்களைச் சொன்னார்கள். கீழ்மாடிக் கம்பெனியை நடத்தியவர் காந்தத்தின் மச்சான், அதாவது மனைவியின் உடன்பிறந்த அண்ணன். வீட்டு விசேஷங்களில் இருவரும் வானிலை பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள்.

இப்போது ஒரு பெரிய லிப்ட் தயாரிப்பாளர் தன் லிப்டுகளுக்கெல்லாம் காந்தச் சிப்பு வைக்க யோசித்துக்கொண்டிருந்தார். மேல்மாடியா கீழ்மாடியா என்பது வியாழக்கிழமை முடிவாகும். அதற்காகவே காந்தம் தன் கட்டடத்து லிப்டிலேயே சிப்பை மாட்டியிருந்தான். லிப்ட் ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் மொட்டைமாடி அறையிலிருக்கும் பலகையில் சிப்பு அந்த மாடியின் எண்ணை எழுதிக்கொள்ளும். முன்பெல்லாம் கரண்ட் போய் வந்தால் லிப்ட் தான் யார், எங்கே என்று தெரியாமல் அடிமட்டம்வரை தவழ்ந்து போய்த் தன்னைக் கண்டுபிடிக்கும். இனி அந்த அவமானம் இல்லை.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. லிப்ட் மாடிக்கு நேராகத்தான் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கதவைத் திறக்கவிடும் பழைய சுவிட்சுகள் சில இருந்தன. கதவு திறந்திருந்தால் லிப்டை நகரவிடாததும், உச்சியைத் தாண்டாமல் நிறுத்துவதும், உள்ளேயிருக்கும் சிவப்புப் பொத்தானும் எல்லாம் ஒரே கம்பி வரிசை. வயதாகிவிட்டதால் அந்த வரிசை அடிக்கடி முரண்டு பிடித்து லிப்டை நிறுத்திவிடும். விருந்தாளிகள் முன்னால் அப்படி நின்றால் மானம் போய்விடும். ஆகவே வியாழக்கிழமைக்காக மட்டும் காந்தம் இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, அந்த வரிசையையே தாண்டிப் போகும்படி செய்துவிட்டான்.

“ஞாபகம் இருக்கிறவனுக்கு சாட்சி எதுக்கு மேடம்?” என்றான்.

மேடம் என்பவர் சிப்புகளைச் சோதித்துத் தேர்ச்சி கொடுப்பவர். அவர் தேர்ச்சி கொடுக்காத சிப்பு வாசலைத் தாண்டாது. அவருக்கு அந்தக் கம்பி விஷயம் தெரியாது. அவன் பொதுவாகத்தான் கேட்டான். அவரும் பொதுவாகத்தான் பதில் சொன்னார்.

“காந்தத்த ஒட்டிக் காட்டுறியே, அப்ப சிப்பு என்ன செய்யுது? சும்மா உக்காந்திருக்கு. சும்மா இருக்கும்போது அது மலைப்பா. எழுதும்போது பச்சப்புள்ள. காந்தம் பக்கத்துல இருந்தா எந்தப் பக்கம் திரும்புறதுன்னு அதுக்கே தெரியாது. ஒரு தடவ எழுதும்போது ஒட்டிக் காட்டேன்.”

“பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி யாராவது பழைய ரிப்போர்ட் கார்ட எடுத்து வைப்பாங்களா மேடம்?”

மேடம் சிரித்துவிட்டார். அதுதான் அவனிடமிருந்த சங்கடம். சிரிக்க வைத்துவிடுவான்.

வியாழக்கிழமை எல்லாம் கச்சிதமாக நடந்தது. முதலாளியும் லிப்ட் கம்பெனி ஆட்களும் மொட்டைமாடி அறைக்கு வந்தார்கள். லிப்ட் ஐந்தாவது மாடியில் சும்மா நின்றிருந்தது. காந்தம் பலகை மேல் பிஸ்கட்டை ஒட்டினான். கரண்டை நிறுத்தினான். போட்டான். பலகையில் சிவப்பாக ஐந்து எரிந்தது. கைதட்டல். முதலாளி விருந்தாளிகளைச் சாப்பிட அழைத்துப் போனார். திரும்பி வந்து எல்லோரும் லிப்டில் ஏறி இறங்கிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்கள் படியில் பேசிக்கொண்டே இறங்க, கீழ்மாடிக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதே என்று காந்தம் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

அலுவலகத்துக்குள் நுழைந்தால் வரவேற்பு நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாத வயிறு. மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

“இன்னிக்கு ஸ்கேன்” என்றாள்.

“இன்னிக்கா?”

“மறதிய ஒழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேன முடிச்சிட்டு வந்துடலாம், வாங்க.”

லிப்ட் கதவு திறந்தது. அவன் உள்ளே போய்த் திரும்பினான். அவள் வாசலிலேயே நின்றாள். எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். வலது காலை நீட்டி, செருப்பு நுனியால் லிப்டின் தரையை டக், டக் என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். எந்த லிப்டானாலும் ஏறும்போதும் இரண்டு தட்டு, இறங்கும்போதும் இரண்டு தட்டு. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இது வற்றாத சிரிப்பு.

“உள்ள யார் இருக்காங்கன்னு தட்டுற? தரை வந்து ‘யாரு’ன்னு கேக்குமா?”

“இருக்கான்னு பாக்குறேன்.”

“தரை எங்கம்மா போகும்? கடைக்கா?”

“எனக்கு லிப்டுன்னா பயம்னு உங்களுக்குத் தெரியும்ல. தட்டினா கொஞ்சம் அடங்குது. விடுங்களேன்.”

அவன் விடவில்லை. நான்காவது மாடி வருவதற்குள் அவளைப் போலவே காலை நீட்டி, கண்ணை உருட்டி, தட்டிக் காட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காவது மாடியில் லிப்ட் நின்றது. கதவு திறந்தபோது எதிரே மச்சான் நின்றார். ஆனால் லிப்ட் மாடியை விட ஒரு சாண் தாழ்வாக நின்றிருந்தது.

“உங்க சிப்புக்குக் கொஞ்சம் தாழ்வு மனப்பான்மை போல” என்றபடி மச்சான் பார்த்து இறங்கி உள்ளே வந்தார். “என்ன மாப்ள, வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல?”

“ஜாஸ்திதான் மச்சான்.”

“ஏம்மா, ஸ்கேனா? நானும் வரட்டுமா?”

“வேணாம்ணே. இவர் வர்றதே அதிசயம்.”

கதவு மூடியது. லிப்ட் இறங்கத் தொடங்கியது. மேலே சிவப்பு எண் மூன்று என்றது. ஒரு சாண் தாழ்ந்தது காந்தத்தின் மனசில் முள்ளாகக் குத்தியது. மச்சான் முன்னால் அதை அப்படியே விட முடியுமா? பிஸ்கட்டை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி நாலு வார்த்தை சொல்லலாம் என்று பைக்குள் கைவிட்டான்.

சாவி இருந்தது. கைக்குட்டை இருந்தது. காந்தம் இல்லை.

மற்றப் பையில் பார்த்தான். சட்டைப் பையில் பார்த்தான். பிறகு நினைவுக்கு வந்தது. கைதட்டல், முதலாளியின் கை குலுக்கல், பூட்டு, சாவி. பலகை மேல் ஒட்டிய பிஸ்கட்டை அவன் எடுக்கவே இல்லை. அது இன்னும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே லிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாடிக்கும் சிப்பு எழுதிக்கொண்டிருக்கிறது.

எழுதும்போது பச்சப்புள்ள.

அவன் எண்ணைப் பார்த்தான். மூன்று நெடுநேரமாக மூன்றாகவே இருந்தது. பிறகு இரண்டைச் சொல்லாமல் ஒன்றுக்குத் தாவியது.

“என்ன மாப்ள, முகம் வெளுத்துப் போச்சு?”

“ஒண்ணுமில்ல மச்சான். வெயில்.”

அப்போது கரண்ட் போனது.

லிப்டுக்குள் இருட்டு என்றால் அப்படியொரு இருட்டு. அவன் மனைவி மூச்சை இழுத்தது மட்டும் கேட்டது. லிப்ட் பேட்டரியில் முனகிக்கொண்டு கொஞ்சம் ஊர்ந்தது. நின்றது. மேலேயிருந்து அந்தப் பதிவு செய்த பெண்குரல், எப்போதும்போல் குளிர்ச்சியாக, “தரைத்தளம். கதவுகள் திறக்கின்றன” என்றது.

கதவுகள் திறந்தன. வெளியேயும் இருட்டு. கட்டடத்து நடைகளில் ஜன்னல் கிடையாது.

“அப்பாடா” என்றார் மச்சான். “இறங்குங்க, இறங்குங்க. என் முழங்கையப் பிடிச்சுக்கோம்மா.”

காந்தத்தின் வாய் திறந்தது. சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் மச்சானுக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரிந்தால் ஆர்டர் கீழ்மாடிக்குப் போகும். ஒருவேளை சிப்பு சரியாகக்கூட எழுதியிருக்கலாம். ஒருவேளை இது தரைத்தளமாகவே இருக்கலாம். இத்தனையையும் அவன் யோசித்து முடிப்பதற்குள் இருட்டில் செருப்பு உராயும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

அவன் காது தட்டலுக்காகக் காத்தது. டக், டக். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தம் வர வேண்டுமே என்று தவித்தான்.

வரவில்லை.

“என்னங்க” என்றாள் அவள். குரல் மிக மெதுவாக இருந்தது. “தரை இல்லைங்க.”

அவன் பாய்ந்து இருட்டில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தான். அவள் தோள். பின்னால் இழுத்துச் சுவரோடு சாய்த்தான். மச்சான் செல்போன் விளக்கைப் போட்டார். வெளிச்சம் வாசலுக்கு வெளியே போய், கீழே விழுந்தது. நடைத்தரை ஓர் ஆள் மார்பளவு கீழே கிடந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு என்று எழுதியிருந்தது. லிப்டின் அடிக்கும் அந்தத் தரைக்கும் நடுவே ஒரு கரிய வாய். இருட்டில் இறங்குகிறவர் கால் நழுவினால் அந்த வாய் வழியாக அடிமட்டம்வரை போக வேண்டியதுதான்.

மச்சான் விளக்கை அதிலிருந்து எடுக்கவில்லை. “நான்தான் இறங்கச் சொன்னேன்” என்றார். திரும்பத் திரும்பச் சொன்னார்.

“அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகல” என்றாள். வயிற்றை இரு கையாலும் பிடித்திருந்தாள். “இப்ப குதிச்சுடலாமா?”

“கூடாது” என்றான் காந்தம். கணக்கு அவன் தலைக்குள் தானாக ஓடியது. நிற்பது இரண்டாவது மாடிக்கு மேலே. சிப்புக்குத் தெரிந்தது தரைத்தளம். கரண்ட் வந்ததும் யாராவது ஐந்தாவது மாடியில் பொத்தானை அழுத்துவார்கள். மதியச் சாப்பாட்டு நேரம், அழுத்தியபடியே நிற்பார்கள். லிப்ட் ஐந்து மாடி ஏறும். மேலே மிச்சமிருப்பது மூன்று மாடிகூட இல்லை. உச்சியில் நிறுத்த வேண்டிய சுவிட்சை அவனே தாண்டிவிட்டிருந்தான். கதவு மூடியிருக்கிறதா என்று கேட்கும் சுவிட்சையும். இவள் பாதி இறங்கும்போது லிப்ட் கிளம்பினால்?

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். பயனில்லை என்று தெரிந்தே அழுத்தினான். பேருக்கு அது உள்ளே போய் வெளியே வந்தது.

“மச்சான், போனக் குடுங்க. எனக்கு சிக்னல் இல்ல. வெளிச்சத்துக்கு என்னோடத வச்சுக்குங்க.”

மேடம் எடுத்தார்.

“மேடம், உடனே மொட்டைமாடி ரூமுக்குப் போங்க. மெயின் சுவிட்ச இறக்குங்க. கரண்ட் வர்றதுக்குள்ள.”

“எதுக்குப்பா?”

“லிப்டுல இருக்கோம். ரெண்டாவது மாடிக்கு மேல. தரைத்தளம்னு அது நெனச்சுக்கிட்டிருக்கு.”



“உன் காந்தம் எங்க?”

அவன் மனைவியைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். மச்சான் விளக்கை அவன் முகத்தில் திருப்பினார்.

“ஒட்டின இடத்துலயே இருக்கு மேடம்” என்றான். “சுவிட்ச் வரிசையையும் நான்தான் தாண்டி விட்டிருக்கேன். கதவு, உச்சி, எல்லாம். உங்ககிட்ட சொல்லல.”

மேடம் திட்டவில்லை. ஓடுகிற சத்தம் கேட்டது, படியேறுகிற மூச்சு கேட்டது. பிறகு, “பூட்டியிருக்கு” என்றார். “சாவி யார்கிட்ட?”

காந்தம் பையில் கைவிட்டான். சாவி குளிர்ச்சியாக இருந்தது.

“என்கிட்ட.”

“நல்லா இருப்ப நீ” என்றுவிட்டு மேடம் போனை எங்கேயோ வைத்தார். சற்று நேரத்தில் தலைக்கு மேலே, மிக உயரத்தில், இரும்பில் இரும்பு மோதும் சத்தம் தொடங்கியது. தீயணைக்கிற உருளையால் பூட்டை இடிக்கிறார் என்று அவன் ஊகித்தான்.

அதே சமயம் கீழேயிருந்து இன்னொரு சத்தம் வந்தது. கர், கர் என்று இருமல். வாட்ச்மேன் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறார்.

“போடாதீங்க! ஜெனரேட்டர் போடாதீங்க!” என்று மூவரும் கத்தினார்கள். சுரங்கம்போன்ற அந்தக் கிணற்றில் வார்த்தைகள் மோதி, உடைந்து, கூச்சலாகக் கீழே போய்ச் சேர்ந்தன. வாட்ச்மேன் நல்ல மனிதர். யாரோ மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

“பயப்படாதீங்க! இதோ ஆயிடுச்சு!” என்று பதில் வந்தது. இருமல் வேகமாகியது.

மேலே இடி. கீழே இருமல். நடுவில் மூன்று பேர். காந்தம் மனைவியைப் பின்மூலையில் நிறுத்தி முன்னால் அவன் நின்றான். அவனுக்கு முன்னால் மச்சான் வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

“மாப்ள” என்றார்.

“சொல்லுங்க மச்சான்.”

“அந்த அடுப்புல சாப்பாட்டச் சூடு பண்ணது நான்தான்.”

“எனக்கு அன்னிக்கே தெரியும்ணே” என்றாள் தங்கை, காந்தத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து. “நான் குடுத்தனுப்பின டிபன் பாக்ஸ் மூடி உருகிப் போயித் திரும்பி வந்துச்சு.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

விளக்கு எரிந்தது. “மேலே செல்கிறது” என்றது பெண்குரல். கதவு திறந்தபடியே லிப்ட் கிளம்பியது.

வாசலில் சுவர் கீழ்நோக்கி ஓடத் தொடங்கியது. சிமெண்ட், செங்கல், ஒட்டடை, யாரோ கொத்தனார் எழுதி வைத்த அம்புக்குறி. அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கினாள். கழுத்து நெரிந்தது. இறுக்கட்டும் என்று விட்டான். சுவரில் மூன்று என்ற எண் கடந்து போனது. தலைக்கு மேல் சிவப்பு எண் ஒன்று என்றது, பெருமையாக.

“இன்னும் எத்தன மாப்ள?” மச்சானின் குரல் பள்ளிக்கூடப் பையனுடையதுபோல் மெலிந்திருந்தது.

“அதோட கணக்குக்கு இன்னும் நாலு. கட்டடத்துக்கு ரெண்டு.”

சுவரில் நான்கு வந்தது. மாடிக் கதவின் கண்ணாடி வழியே கீழ்மாடிக் கம்பெனியின் வரவேற்பு மேஜை, காலி நாற்காலி, தண்ணீர் பாட்டில், எல்லாம் தலையிலிருந்து கால்வரை கடந்து இறங்கிப் போயின. சிவப்பு எண் இரண்டு என்றது. அந்தச் சிப்பை அவன் எத்தனை மேடையில் புகழ்ந்திருக்கிறான். எதையும் மறக்காது என்றான். இதோ, தப்பாகக் கற்றுக்கொண்டதையும் மறக்காமல் ஒப்பித்துக்கொண்டு ஏறுகிறது. கரண்டை நிறுத்திப் போட்டாலும் மாறாது. காந்தத்தைப் பிடுங்கினாலும் மாறாது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் கிணற்றின் உச்சியிலிருக்கும் உத்திரம் தெரிந்தது, திறந்தான்.

மேலே ஓர் இடி, அதுவரை கேட்டதிலேயே பெரியது. எதுவோ உருண்டது.

லிப்ட் குலுங்கியது. விளக்கு அணைந்தது. நின்றது.

ஊசல்போல் லிப்ட் மெல்ல ஆடி அடங்கியது. போனில் மேடத்தின் குரல், மூச்சிரைப்புக்கு நடுவே: “இறக்கிட்டேன். பூட்டு போச்சு. உன் காந்தத்த எடுக்கவா?”

“எடுங்க மேடம்.”

கொஞ்ச நேரம் கழித்து: “வரமாட்டேங்குதுப்பா.”

அப்போதுதான் அவன் மனைவி அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். குழந்தை உதைக்கிறது என்று சொல்கிறாள் என்பது அவனுக்கு இரண்டாம் தடவைதான் விளங்கியது. அவன் அங்கேயே, லிப்டின் தரையில், உட்கார்ந்துவிட்டான்.

வாட்ச்மேன் மொட்டைமாடிக்கு ஓடிவந்து கைச்சக்கரத்தைச் சுற்ற, லிப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி நான்காவது மாடிக்கு நேராக நின்றது. மச்சான் விளக்கைப் பிடித்தார். அவள் காலை நீட்டி டக், டக் என்று தட்டினாள். நின்று, இன்னொரு முறையும் தட்டினாள். பிறகே இறங்கினாள்.

கீழ்மாடிக் கம்பெனியில் காந்தம் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. மச்சான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பாதி தம்ளரில் விழுந்தது, பாதி மேஜையில்.

“மச்சான், நீங்க போய் லிப்டுக்காரங்ககிட்ட சொல்லிக்கலாம். எழுதும்போது எங்க சிப்பு திரும்பிடுதுன்னு.”

மச்சான் கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்களோடதும் எழுதும்போது அப்படித்தான் மாப்ள.”

“அப்ப நீங்க எப்படிக் காந்தம் வச்சுக் காட்டுறீங்க?”

“சும்மா உக்காந்திருக்கும்போதுதான்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வானிலை பற்றிப் பேச எதுவும் இல்லை.

காந்தத்தின் போன் அடித்தது. முதலாளி. தரைத்தளத்தில் விருந்தாளிகளோடு நிற்கிறாராம், பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்கிறதாம், லிப்ட் எங்கே?

“சார், அவங்களப் படியேறி வரச் சொல்லுங்க” என்றான். “இல்ல சார், இன்னிக்கு லிப்ட் ஓடாது. நான் சுவிட்ச் வரிசையக் கழட்டி வச்சிருந்தேன், அதத் திரும்ப மாட்டுற வரைக்கும் ஓடாது. இன்னொண்ணு. எழுதும்போது காந்தம் வச்சா என்ன ஆகும்னு மேடம் காட்டுவாங்க. ஆமா சார், அவங்க முன்னாடியேதான். ஆர்டர் போனா போகட்டும் சார். என் சம்சாரம் உள்ள இருந்தா.”

முதலாளி என்ன சொன்னார் என்று கேட்க அவன் நிற்கவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டான். அந்தப் பையில் காந்தம் இல்லாத லேசு அவனுக்குப் புதிதாக இருந்தது.

நான்கு மாடியும் படியில் இறங்கினார்கள். ஒரு பக்கம் அவன் பிடித்துக்கொண்டான், மறுபக்கம் மச்சான். அவன் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டான். கடைசிப் படியில் அவளே, “அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தேன்” என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்று அவனுக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் இடம் மூன்றாவது மாடி. படியில் ஏறக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லிப்ட் புத்தம் புதிது. கண்ணாடிபோல் துடைத்திருந்தார்கள். காந்தச் சிப்பு எதுவும் அதில் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், பழைய வகைச் சுவிட்சுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்றும் தெரியும். கதவு திறந்தது. உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. தரை தெரிந்தது, தெளிவாக, பூப்போட்ட ரப்பர் விரிப்போடு.

அவள் வழக்கம்போல் காலை நீட்டப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

பின்னால் சக்கர நாற்காலியோடு ஒருவர் நின்றார். ஒரு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். காந்தம் யாரையும் பார்க்காமல், ஷூவின் நுனியை மெல்ல நீட்டி, ரப்பர் விரிப்பை இரண்டு தட்டுத் தட்டினான்.